ஐந்தாவது வரி

கட்டம்போட்ட தாளில் வந்தது கடிதம்.
முன் சக்கரம், எண்பத்தைந்து யூரோ.
விளக்கு, இருபத்திரண்டு.
முழங்காலில் கிழிந்த கால்சட்டை, நாற்பத்தொன்பது.
தேநீர்க் குடுவை, பதினெட்டு
(பழையதுதான், பாதி விலையே போட்டிருக்கிறேன்).
பயம், நூறு.

கீழே ரோஸ்வித்தா லூனமான் என்று கையெழுத்து,
வங்கிக் கணக்கு எண்,
பதினான்கு நாள் தவணை.

சக்கரத்தில் எனக்கு வழக்கில்லை.
முன்ஸ்டரில் ஒரு தூறல் காலை,
பேக்கரி வாசலில்
காரைப் பின்னுக்கு எடுத்தவன் நான்தான்.
கண்ணாடியில் அவர் இல்லை.
பிறகு ஒரு சத்தம்,
பெரிய சத்தம்கூட இல்லை,
மேசையிலிருந்து கரண்டிகள் சரிந்ததுபோல.
ஓடிப் போனேன்.
ஈரத்தில் உட்கார்ந்திருந்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
கவிழ்ந்தும் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை
உள்ளங்கையால் நிறுத்தினார்,
அழும் குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல.
என் வாயில் வந்த முதல் சொல்
'மன்னியுங்கள்.'

அந்த ஒரு சொல்லுக்காக
வாரம் முழுக்க ஏச்சு வாங்கினேன்.
'வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாய்' என்றான்
மைத்துனன் கெர்ட்.
'இனி ஒரு வரி எழுதாதே,
எழுதினால் மை உலருமுன் வக்கீல் வருவான்.'
காப்பீட்டு அலுவலகத்தின் ஓடென்டால் அம்மையார்
தொலைபேசியில் நிதானமாகச் சொன்னார்:
'சக்கரத்துக்கு ரசீது, கால்சட்டைக்குப் படம்,
வலி என்றால் மருத்துவர் சான்று.
பயத்துக்கு எங்கள் படிவத்தில் கட்டமில்லை.'
சற்று இருமினார்.
'என்னைக் கேட்டால்
நூறு அதிகமில்லை.'

மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.
நான்காவது இப்படிப் போனது:
'அம்மையீர்,
முதல் நான்கு வரிகளைக் காப்பீடு தரும்.
ஐந்தாவதில் ஒரு சிக்கல்.
நானும் பயந்தேன்.
அன்றிரவு போர்வைக்குள் என் கால்
விடியும்வரை பிரேக்கைத் தேடியது.
உங்களுடையதையும் என்னுடையதையும்
நேருக்கு நேர் வைத்துக் கழித்துவிடலாமா?'
சாமர்த்தியமாக எழுதிவிட்ட நினைப்பு எனக்கு.
தபால்தலையை ஒட்டும்போது
சிரித்துக்கொண்டேன்கூட.

பதில் நான்கே நாளில்,
அதே கட்டம்போட்ட தாள்:
'கழிக்க முடியாது, தேவெஸ் அவர்களே.
உங்கள் பயத்துக்கு
இரும்புக் கூரை இருந்தது, ஹீட்டர் இருந்தது.
என்னுடையதன் மேல் ஒரு மழைக்கோட்டு.
இரவுப் பணி முடிந்து வந்துகொண்டிருந்தேன்.
ஆய்வகத்தில் முந்நூறு ரத்தக் குழாய்கள்,
ஒன்றும் என் கையில் உடையவில்லை.
இப்போது கை நடுங்குகிறது,
பிறர் கழுவி அடுக்குகிறார்கள்.
சரி, நூறு வேண்டாம்.
தொகையை நீங்களே போடுங்கள்.
ஆனால் ஒரு சைக்கிளில் ஏறி
அந்த வாசலைக் கடந்த பிறகு போடுங்கள்.'

மாடிவீட்டு மாணவனிடம் சைக்கிள் இரவல் கேட்டேன்.
இருக்கை உயரம், தாழ்த்தத் தெரியவில்லை.
சனிக்கிழமை, அதே தூறல்,
அதே ரொட்டி வாசனை.
சாம்பல் நிற வேன் ஒன்று நின்றிருந்தது.
நான் நெருங்கவும்
அதன் பின்விளக்கு வெள்ளையாக எரிந்தது.
அவ்வளவுதான்.
அது நகரக்கூட இல்லை.
உள்ளே ஒருவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்,
நான் பிறக்கவேயில்லை என்பதுபோல.
என் விரல் பத்தும்
பிரேக்கில் இறுகியிருந்தன,
வேன் போய் வெகுநேரம் கழித்தும்.

ரொட்டி வாங்க மறந்து திரும்பினேன்.

வங்கிப் படிவத்தில்
'காரணம்' என்றொரு பெட்டி உண்டு.
'இழப்பீடு' என்று அடித்தேன். அழித்தேன்.
'நல்லெண்ணத் தொகை', அதையும் அழித்தேன்.

மாதக் கடைசியில்
மின்கட்டணத்துக்கும் நாய்வரிக்கும் நடுவே
கணக்கறிக்கையில் விரல் வைத்து நிறுத்தினாள் மெக்டில்ட்.
'இதென்ன, பயம்,
நூற்றுப் பதினெட்டு?
நூறுதானே கேட்டிருந்தார்?'

'குடுவைக்குப்
பாதி விலைதான் போட்டிருந்தார்' என்றேன்.